170 சென்டிமீட்டர்: காக்கிச்சட்டைக்கு அளவெடுத்த கதை

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர்களில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு நடக்கும் நாட்களில், பொழுது விடியும் முன்பே மைதானத்து வாசலில் பிள்ளைகள் வந்து நின்றுவிடுவார்கள். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள். சான்றிதழ் பார்த்து முடித்ததும் முதலில் உயரம். செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சேர்த்து, தலையை நிமிர்த்தி நிற்க வேண்டும். ஆண்களில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றால் 170 சென்டிமீட்டர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 167. அடுத்தது மார்பளவு: சாதாரண நிலையில் 81, மூச்சை இழுத்து விரித்தால் அதற்கு மேல் 5. பிறகு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதையும் கடந்தவர்களுக்குத்தான் கயிறு ஏறுதல், தாண்டுதல், குறுந்தூர ஓட்டம். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு ஸ்டார். பயிற்சி மையங்களில் பையன்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதே “கயித்துல எத்தனை ஸ்டார் வரும்?” என்றுதான்.

இந்த வரிசையில் மற்ற எல்லாவற்றையும் உழைத்துப் பிடித்துவிடலாம். ஓட்டம் பழகினால் வரும், கயிறும் வரும். உயரம் மட்டும் வராது. அரை சென்டிமீட்டர் குறைந்ததற்காகத் திருப்பி அனுப்பப்படும் பையன் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. ஒருவனுடைய பல வருடக் கனவை அரை நிமிடத்தில் முடித்துவைக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது அவனுக்கு உண்டு.

அந்தக் கதை 1829-இல், லண்டனில் தொடங்குகிறது. உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் பெருநகரக் காவல் சட்டத்தை நிறைவேற்றினார். புதிய படையைக் கட்ட இரண்டு பேரை நியமித்தார். ஒருவர் சார்லஸ் ரோவன், வாட்டர்லூ போரில் நின்ற ராணுவ அதிகாரி. மற்றவர் ரிச்சர்ட் மேய்ன், வழக்கறிஞர். ஆள் எடுக்க அவர்கள் வைத்த நிபந்தனைகள் எளிமையானவை: வயது 35-க்குள், நல்ல உடல்நலம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், நன்னடத்தை, உயரம் குறைந்தது 5 அடி 7 அங்குலம்.

5 அடி 7 அங்குலத்தை சென்டிமீட்டரில் போட்டுப் பார்த்தால் 170.18.

எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நடந்ததைக் குறித்துவைக்க வேண்டும். உயரம் எதற்கு? அந்தப் படையைப் பார்த்து லண்டன் மக்கள் பயந்தார்கள், பட்டாளத்தை ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று. அதனால்தான் சிப்பாயின் சிவப்புக் கோட்டு வேண்டாமென்று நீலக் கோட்டு கொடுத்தார்கள். துப்பாக்கியும் கொடுக்கவில்லை. கையில் ஒரு மரத்தடி, ஆபத்து வந்தால் சுழற்றி ஓசை எழுப்ப ஒரு கிலுகிலுப்பை. ஆயுதம் இல்லாத ஒருவன் கூட்டத்தின் நடுவே நின்று தன் பேச்சைக் கேட்க வைக்க வேண்டும் என்றால், அவன் தலை மற்றவர் தலைகளுக்கு மேலே தெரிய வேண்டும். உயரமான தொப்பியும் அதற்கு உதவியது. உயரம் ஒரு வகையில் ஆயுதத்துக்குப் பதில் கொடுக்கப்பட்ட ஆயுதம். அந்த அளவில் அதற்கு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த அளவுகோல் எதைப் பிடித்தது, எதை விட்டது என்பதைப் படை தொடங்கிய நாளே காட்டிவிட்டது. 1829 செப்டம்பர் 29 அன்று முதல் ரோந்து கிளம்பியது. முதல் எண் வாங்கிய காவலர் அன்றே குடித்துவிட்டு வந்து வேலையை இழந்தார். தொடக்க ஆண்டுகளில் வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களில் பெரும்பகுதி குடிக்காகத்தான். இரவெல்லாம் தெருத் தெருவாக, மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில், மழையிலும் பனியிலும் நடக்கும் வேலை அது. அந்த வேலைக்குக் காலும் மூச்சும் மன உறுதியும் வேண்டும். இவை எதையும் அளக்கும் கருவி அன்று இல்லை. அளக்க முடிந்ததை அளந்தார்கள்.

அதே காலத்தில் பெல்ஜியத்தில் அடோல்ஃப் கெத்தலே என்ற வானியலாளர் மனிதர்களை அளந்துகொண்டிருந்தார். நட்சத்திரங்களின் நகர்வில் ஒழுங்கைத் தேடும் அதே கணக்கை மனித உடலில் போட்டுப் பார்த்தவர் அவர். 5,738 ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்பளவுகளை எடுத்து, அவை சராசரியைச் சுற்றி எப்படி இருபுறமும் சரிந்து பரவுகின்றன என்று காட்டினார். ஆட்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது என்று கண்டு சொன்னதும் அவரே. எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் அந்த எண்ணுக்கு, 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் உடல் நிறை குறியீட்டெண் என்று பெயர் வைத்தார். இன்று காவலர்களின் தொப்பையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எடுத்து நீட்டப்படும் பி.எம்.ஐ. அதுதான். கெத்தலே பருமனைப் பற்றி ஆராயவே இல்லை. சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதே அவருடைய கேள்வி.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பிரெஞ்சுப் படைக்குக் கட்டாயமாக அழைக்கப்பட்ட ஒரு லட்சம் இளைஞர்களின் உயரப் பட்டியலைப் பார்த்தார். 157 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் படையில் சேர வேண்டாம் என்பது விதி. அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே இருந்தவர்கள் இயற்கையாக இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். கோட்டுக்குச் சற்றே மேலே இருந்தவர்கள் குறைவு. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் முழங்காலை மடித்தோ, அளப்பவரைச் சரிக்கட்டியோ தப்பியிருக்கிறார்கள் என்று கணக்கே காட்டிக்கொடுத்தது. ஒரு கோட்டைக் கிழித்து அதில் ஒருவனுடைய வாழ்க்கையைத் தொங்கவிட்டால், அந்தக் கோட்டின் அருகே மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. இரண்டு வருடத்தில் இந்தியா முழுமைக்குமான 1861 சட்டம். இங்கே ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்ட முன்மாதிரி லண்டன் அல்ல, அயர்லாந்து. அது கவாத்தும் துப்பாக்கியும் கொண்ட, அடக்கி ஆளும் நாட்டுக்கான படை. ஆகவே நம் ஊரில் காவலன் உடல் தொடக்கம் முதலே சிப்பாய் உடல். நாடு விடுதலை அடைந்தும் அளவெடுக்கும் முறை மைதானத்தை விட்டுப் போகவில்லை.

இந்த அளவுகோலை யாராவது ஒருவர் நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் பெண்கள். இடம், அமெரிக்காவின் அலபாமா மாநிலம்.

1970-களின் நடுவில் அங்கே இரண்டு இளம்பெண்கள் அரசு வேலைக்கு மனுப் போட்டார்கள். பிரெண்டா மீத் கேட்டது மாநில நெடுஞ்சாலைக் காவல் வேலை. அதற்குக் குறைந்தபட்ச உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 160 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 73 கிலோ. டயான் ராலின்சன் கேட்டது சிறைக் காவலர் வேலை. அவருக்கு வயது 22, சிறைத்துறை சார்ந்த உளவியல் படித்த பட்டதாரி. அந்த வேலைக்கு உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 120 பவுண்டு. அவர் எடை அதற்குச் சற்றுக் குறைவு. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை, சில பவுண்டு எடையில் போயிற்று. இருவரும் சேர்ந்து வழக்காடினார்கள். கீழ் நீதிமன்றம் இரண்டு விதிகளையும் தள்ளியது. சிறைக் காவலர் விதியை மட்டும் அரசு உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது.

1977 ஜூனில் வந்த தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த உயர, எடை வரம்புகளைச் சேர்த்துப் போட்டால் அமெரிக்கப் பெண்களில் 41 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வெளியே நிற்க வேண்டும். ஆண்களில் ஒரு விழுக்காடுகூட இல்லை. அரசுத் தரப்பு சொன்னது, உயரமும் எடையும் வலிமைக்கு அடையாளம் என்று. அதற்கு நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய பதிலின் சாரம் மிக எளிது: உங்களுக்கு வேண்டியது வலிமை என்றால் வலிமையையே சோதித்துப் பாருங்கள். உயரத்துக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று காட்ட அரசிடம் ஓர் ஆதாரமும் இருக்கவில்லை. லண்டனில் அந்த எண் எழுதப்பட்டு ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதே தீர்ப்பு, ஆண் கைதிகள் நிறைந்த உயர்பாதுகாப்புச் சிறைகளில் பெண்களைக் கைதிகளோடு நேரடியாகப் பழகும் காவல் பணியில் வைக்க வேண்டாம் என்ற விதியை ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. ராலின்சன் முழுதாக வென்றுவிடவில்லை. ஆனால் உயரத்தை வைத்து ஆள் எடுப்பதற்கு அந்த நாட்டில் அடித்தளம் ஆடிவிட்டது.

சரி, வலிமையை எப்படிச் சோதிப்பது? விடை ஏற்கெனவே தயாராக இருந்தது, விமானப்படையில்.

கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படை மருத்துவர். ஒருவருடைய உடல் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதே தாக்குப்பிடிக்கும் திறனுக்குச் சரியான அளவு என்று அப்போதே தெரியும். ஆனால் அதை அளக்க ஆய்வகம் வேண்டும், முகமூடி வேண்டும், ஓடும் பட்டை வேண்டும். ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு அது நடக்கிற காரியமா? கூப்பர் 115 வீரர்களை 12 நிமிடம் ஓடச் சொல்லி, யார் எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்று குறித்துக்கொண்டார். பிறகு அதே ஆட்களை ஆய்வகத்தில் வைத்தும் அளந்தார். இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. 1968-இல் இதை வெளியிட்டார். ஒரு நிறுத்துக் கடிகாரமும் அளந்த பாதையும் இருந்தால் போதும், நூறு பேரின் தாக்குப்பிடிக்கும் திறனை ஒரு காலையில் கணித்துவிடலாம். 1970 உலகக் கோப்பைக்கு பிரேசில் கால்பந்து அணி தயாரானது கூப்பர் முறையில்தான். 12 நிமிட ஓட்டத்தோடு பிறந்த இன்னொரு வடிவம் ஒன்றரை மைலை, அதாவது 2.4 கிலோமீட்டரை, எவ்வளவு நேரத்தில் ஓடுகிறார் என்று பார்ப்பது. டல்லாஸ் நகரில் கூப்பர் தொடங்கிய நிறுவனம் வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக அட்டவணைகள் போட்டது. அமெரிக்கக் காவல் பயிற்சிப் பள்ளிகள் பல அவற்றை எடுத்துக்கொண்டன. சுவரில் கோடு போட்டு உயரம் பார்த்த காலம் போய், கடிகாரம் வந்தது.

இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. உயரம் பிறவியில் வருவது, ஓட்டம் உழைப்பில் வருவது. ஆனாலும் பழைய கேள்வி உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது: ஏன் இந்த எண்?

பிலடெல்பியாவில் ரயில், பேருந்துப் போக்குவரத்தைக் காக்கும் தனிக் காவல் படை ஒன்று உண்டு. 1991-இல் அங்கே உடலியல் ஆய்வாளர் ஒருவரை வைத்துப் புதிய தகுதி எழுதினார்கள்: ஒன்றரை மைல், 12 நிமிடம். அனுபவமிக்க காவலர்களைக் கேட்டு, சீருடையும் தளவாடமும் அணிந்து ஒரு மைல் ஓட எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதிலிருந்து அவர் கணக்கைத் தொடங்கினார். முதலில் அவர் நினைத்த ஆக்சிஜன் அளவு 50. அது பெண்களை அநேகமாக ஒட்டுமொத்தமாக வெளியேற்றும் என்பதால் 42.5 ஆக இறக்கினார். இறக்கியும் அந்த ஆண்டு ஓடிய பெண்களில் தேறியவர்கள் சுமார் 12 விழுக்காடு, ஆண்களில் சுமார் 60. வழக்கு வந்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வரையறை வைத்தது: அந்த வேலையை ஒழுங்காகச் செய்வதற்குத் தேவையான குறைந்தபட்சத் திறனைத்தான் வாசலில் கேட்கலாம். மறுவிசாரணைக்குப் பிறகு 2002-இல் அந்த 12 நிமிடம் செல்லும் என்றே முடிந்தது. ஆனால் வழக்கின் நடுவே வெளிவந்த ஒரு செய்தி என் மனத்தில் நிற்கிறது. ஏற்கெனவே வேலையில் இருந்த காவலர்களில் பலர் அதே ஓட்டத்தில் தேறவில்லை. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உள்ளே இருப்பவருக்குத் தேவைப்படாத தகுதி, வெளியே நிற்பவருக்கு மட்டும் எப்படித் தேவை?

கலிபோர்னியாவின் வழி எனக்குப் பிடித்தது. அங்கே பயிற்சிப் பள்ளியில் 165 பவுண்டு, ஏறத்தாழ 75 கிலோ, எடையுள்ள பொம்மையை 32 அடி இழுத்துச் செல்ல வேண்டும். ஆறடிச் சுவர் ஒன்றும் ஆறடிக் கம்பி வேலி ஒன்றும் ஏறிக் கடக்க வேண்டும். தடைகள் நிறைந்த 99 கஜப் பாதை, 500 கஜ ஓட்டம். விபத்தில் மயங்கிக் கிடப்பவரை இழுப்பதும், ஓடும் திருடன் பின்னால் சுவர் ஏறுவதும் நிஜமாகவே காவலருக்கு நேர்கிற காரியங்கள். தோற்றவருக்கும் ஏன் தோற்றோம் என்று புரியும்.

வேலையை மறந்துவிட்டு ஓட்டத்தை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்க்கண்ட் சாட்சி. 2024 ஆகஸ்டில் அங்கே கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓட வேண்டும். ஆகஸ்டு மாதப் புழுக்கம். பலாமு உள்ளிட்ட மையங்களில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். முதலமைச்சர் ஹேமந்த் சோரன் தேர்வைச் சில நாள் நிறுத்திவைத்தார். பின்னர் ஓட்டத்தை 1.6 கிலோமீட்டராகக் குறைத்து விதியையே திருத்தினார்கள். சாராயக் கடத்தலைப் பிடிக்கும் காவலருக்கு 10 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடும் அவசியம் எந்த நாளில் வரும்? வேலை கிடைத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று ஓடிய பிள்ளைகள் அவர்கள். நின்றுவிடு என்று உடல் சொன்னபோதும் நிற்க முடியாத நிலையில் ஓடியவர்கள். தகுதி எழுதும் அதிகாரியின் பேனாவில் உயிர் இருக்கிறது என்பதை இந்தச் சாவுகளுக்குப் பிறகாவது உணர வேண்டும்.

இங்கிலாந்து என்ன செய்தது? 1990-க்குள் உயர விதியையே கைவிட்டது. அந்த எண் பிறந்த லண்டனிலேயே அது இப்போது இல்லை. அதற்குப் பதில் 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள், ஒலிப்பதிவு எழுப்பும் ‘பீப்’ ஓசை. அடுத்த ஓசைக்குள் மறு கோட்டைத் தொட வேண்டும். போகப் போக ஓசைகள் நெருங்கி வரும். கனடாவின் மாண்ட்ரியாலில் லூக் லெஜே 1982-இல் வெளியிட்ட 20 மீட்டர் ஓட்டத்தின் தம்பி இது. சாதாரணக் காவலருக்கு வேண்டிய அளவு ஐந்தாம் நிலை, நான்காம் ஓட்டம்: மொத்தம் 525 மீட்டர், 3 நிமிடம் 35 வினாடி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு.

இது கடினமான அளவு அல்ல. முக்கியமானது, இதை ஆண்டுதோறும் ஓட வேண்டும் என்பது. 2012-இல் டாம் வின்சர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, சேரும்போது ஒரு முறை சோதித்துவிட்டு அதன்பின் முப்பது ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் விடும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டியது. லண்டன் ஆண் காவலர்களில் பாதிப் பேருக்கு மேல் மிகை எடை, ஐந்தில் ஒருவருக்கு மேல் உடற்பருமன் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதன் பிறகே ஆண்டுத் தேர்வு கட்டாயமானது.

170 என்ற எண் ஐரோப்பாவில் இன்னொரு முறை கூண்டில் நின்றது. கிரேக்கத்தில் காவல் பள்ளியில் சேர ஆண், பெண் இருவருக்கும் 1.70 மீட்டர் என்று விதி இருந்தது. மரியா எலெனி கல்லிரி என்ற பெண்ணின் உயரம் 1.68. 2017 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், போக்குவரத்தைச் சீர்செய்வது போன்ற பணிகளுக்கு அந்த உயரம் எதற்கு, தேவையான திறனை வேறு சோதனைகளால் பார்க்கலாமே என்று சொல்லி, அவ்விதி பெண்களைப் பாகுபடுத்துகிறது என்றது.

நம் ஊரிலும் விதிக்கும் மனிதருக்கும் இடையே ஒரு மோதல் நடந்தது. பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை உதவி ஆய்வாளர் தேர்வு எழுத வந்தபோது, படிவத்தில் அவருக்குக் கட்டமே இல்லை. உடற்தகுதியில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு வினாடி சொச்சம் பிந்தினார். ஆணின் அட்டவணையும் பெண்ணின் அட்டவணையும் மட்டுமே இருந்த இடத்தில் அந்த ஒரு வினாடி யாருடைய கணக்கு? 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017-இல் அவர் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார்.

வாசலில் நடந்த சண்டைகள் இவை. உள்ளே போனவர்களின் கதை வேறு. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி, கயிற்றில் இரண்டு ஸ்டார் வாங்கி வந்த அதே பையனை, ஏட்டு ஆன பிறகு பாருங்கள். மத்திய ஆயுதப் படைகளில் பதவி உயர்வுக்கு ‘ஷேப்’ என்ற மருத்துவத் தகுதி வேண்டும்: மனநலம், செவி, கை கால், உடல் திறன், கண் என ஐந்தும் பார்ப்பார்கள். மாநிலக் காவல் நிலையங்களில் அப்படியொரு தொடர்ச்சி வேரூன்றவில்லை. 2023-இல் அசாம் காவல்துறைத் தலைவர், படையினர் எல்லோருக்கும் பி.எம்.ஐ. எடுக்கப்படும், முதலில் தன்னுடையது எடுக்கப்படும் என்று அறிவித்தார். குறியீடு 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு மூன்று மாத அவகாசம். குறையாவிட்டால், தைராய்டு போன்ற நோய்க் காரணம் இருந்தாலொழிய, விருப்ப ஓய்வு. தன்னிலிருந்து தொடங்கியது நேர்மையான செயல். ஆனால் கெத்தலேயின் கணக்கு தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்காது. இந்திய உடலுக்கு 30 வரை காத்திருக்கவும் கூடாது. நம்மவர்களுக்கு 25-லேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிடுகின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இடுப்பளவு இதைவிடத் தெளிவாகப் பேசும்.

அந்த இடுப்பு எப்படி வளர்ந்தது என்று கேட்காமல் அதை அளப்பது அநியாயம். காவலர்களிடம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வை ‘காமன் காஸ்’ அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும் 2019-இல் வெளியிட்டன. ஒரு காவலர் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை பார்க்கிறார். இரண்டில் ஒருவருக்கு வார விடுப்பே கிடைப்பதில்லை. பந்தோபஸ்து என்றால் விடியற்காலையே போய் நிற்க வேண்டும். சாப்பாடு பொட்டலமாக, கிடைத்த நேரத்தில் வரும். இரவு ரோந்து முடித்தவர் காலையில் நீதிமன்ற டூட்டிக்குக் கிளம்புவார். தூக்கம் கெட்ட உடல் பெருக்கும். பெண் காவலர்களுக்குக் கழிப்பறை இல்லாத சாலையோரத்தில் பத்து மணி நேரம் நிற்பதும் இதோடு சேரும். தண்ணீர் குடிக்காமலேயே சமாளிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அறிவிப்பு வந்தது. நல்ல தொடக்கம். திருவிழாவோ தலைவர் வருகையோ வந்தால் அந்த நாளும் போய்விடாமல் காப்பதே அடுத்த வேலை. அதற்குப் பிறகு, டூட்டிப் பட்டியலில் பாரா, ரோந்து, நீதிமன்றம், சம்மன் என்று எழுதும் வரிசையில் உடற்பயிற்சிக்கும் ஒரு மணி நேரம் எழுதப்பட வேண்டும், சொந்த நேரமாக அல்ல, வேலை நேரமாக. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்குக் காலியாகக் கிடக்கும் காவலர் இடங்களை ஆண்டுதோறும் தவறாமல் நிரப்ப வேண்டும். இந்த மூன்றையும் செய்துவிட்டு எங்கள் காவலர்களைக் கோட்டில் நிறுத்தி ஆண்டுதோறும் கடிகாரத்தை அழுத்துங்கள், ஓடிக் காட்டுவார்கள்.